ஒரு ஒயர் அதிகம்

பேட்டரியில் ஒரு ஒயர் அதிகமாக இருந்தது.

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி கேரவன் அது. அதன் முன்பக்கத்தில், இழுவைக் கம்பியின் மேல் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, அவன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். பாசிட்டிவ் முனையில் விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயர். அது இருக்க வேண்டியதுதான்; உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. நெகட்டிவ் முனையில் ஒரு கறுப்பு ஒயர். அதுவும் சரி. ஆனால் சிவப்புக்கு அடியில், அதே நட்டுக்குள் ஒளிந்துகொண்டு இன்னொன்று இருந்தது. மெல்லிசு. முழு நீளத்துக்கும் பழுப்புத் துணி டேப்பை, அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போடுவது போல, ஒரு சுற்று பிசகாமல் சுற்றியிருந்தார்கள். அந்த கேரவனில் வேறெந்த வேலையும் அவ்வளவு அக்கறையாகச் செய்யப்பட்டதில்லை. அலமாரிக் கதவு தொங்கியது, ஜன்னல் ரப்பர் பிளந்து கிடந்தது. இந்த ஒயரை மட்டும் யாரோ பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

அவன் பார்த்த வீடியோக்களில் இப்படி ஒரு ஒயர் இல்லை. மச்சானுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். மனைவியின் அண்ணன், கார் எலக்ட்ரீஷியன், கூப்பிடு தூரத்தில் கடை. ஆனால் கேட்க மானம் இடம் கொடுக்க வேண்டுமே!

அவன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். வீட்டில் பெயர் 'இன்ஜினியர்'. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டியபோது திருகாணிகள் மீந்துபோன நாளில் மச்சான் கொடுத்த பட்டம் அது. சொந்தபந்தம் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகள்கூட 'இன்ஜினியர் மாமா' என்றுதான் கூப்பிட்டன. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவான்.

போன மாதம் ஏரிக்கரையில் நடந்தது அதைவிட மோசம். கேரவன் வாங்கி முதல் பயணம். மனைவி வீட்டார் பக்கத்திலேயே கூடாரம் அடித்திருந்தார்கள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் பேட்டரி செத்துப்போனது. விளக்கு அணைந்தது, மோட்டார் நின்றது, பால் திரிந்தது. மச்சான் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒயர் மாட்டிக்கொண்டே எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"ஏன் மாப்ளே, உலகத்துல எந்த ஆறு எங்க ஓடுதுன்னு தெரியுது. சொந்த பேட்டரியில கரன்ட் இருக்கான்னு தெரியலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, இருட்டாகக் கிடந்த கேரவனுக்குள்ளிருந்து அவன் மகள் இறங்கி ஓடிவந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள். வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள்.

"அப்பா, என் பெட்டுக்குக் கீழ யாரோ தட்டுறாங்கப்பா."

"போச்சுடா! செத்த பேட்டரி எந்திரிச்சு வந்து கதவைத் தட்டுது போல. போய்ப் பாருங்க இன்ஜினியர்!" என்றார் மச்சான்.

மறுபடியும் சிரிப்பு. அவன் கை தானாக ஓங்கியது. பிள்ளையின் கன்னத்தில் விழுந்த சத்தத்தில்தான் சிரிப்பு நின்றது. "வாயைப் பொத்து! இன்னொரு தடவை பொய் சொல்லி மானத்தை வாங்குனே, பாரு!" என்று கத்தினான்.

அவள் பொத்தினாள். சொன்னதை அப்படியே செய்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, சத்தமே இல்லாமல் நின்றாள். அன்றிலிருந்து அவனிடம் எதையாவது சொல்ல வரும்போதெல்லாம் அந்தக் கைகள் முதலில் வாய்க்குப் போய்விடும். அவனும் தினம் பார்க்கிறான். ஒரு நாளாவது அந்தக் கைகளைப் பிடித்து விலக்கி, அப்பா தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எந்த அப்பனுக்கு நாக்குப் புரள்கிறது? அதற்குப் பதிலாக அவன் ஒரு சுவிட்ச் வாங்கினான்.

கைக்கடக்கமான சுவிட்ச். பேட்டரிக்கும் சிவப்பு ஒயருக்கும் நடுவில் மாட்ட வேண்டும். சுவிட்சின் மையத்தில் சிவப்புச் சாவி ஒன்று. திருப்பி அணைத்தால் கேரவன் முழுக்க கரன்ட் நின்றுவிடும், பேட்டரி சும்மா கிடந்து சாகாது. அணைத்த நிலையில்தான் சாவியை உருவ முடியும். நாளைக் காலை மறுபடியும் பயணம். மறுபடியும் அதே கூட்டம். இன்று சாயங்காலம் மச்சான் வந்து, கரன்ட் ஒழுகுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுவிட்சை அணைத்தால் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால், பட்டம் கழன்றுவிடும்.

வானம் மூடிக்கொண்டு வந்தது. முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும் என்பது வீடியோவில் படித்த பாடம். ஸ்பேனரை வைத்துத் திருகி, கறுப்பு ஒயரை உருவினான்.

ஏதோ ஒரு சத்தம் நின்றது.

அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே அவனுக்குத் தெரியாது. சமையலறையில் ஃபிரிட்ஜ் நின்றபிறகுதானே அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று உறைக்கும், அதுபோல. கேரவனின் வயிற்றுக்குள் எங்கேயோ மெல்லிய ஒரு முனகல் இருந்திருக்கிறது, இப்போது இல்லை. அவன் ஸ்பேனரைப் பிடித்தபடி காதைத் தீட்டினான். பக்கத்து வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. பிறகு, கேரவனுக்குள்ளிருந்து,

டொக்.

மரத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். மரியாதையாக, உள்ளே வரலாமா என்று கேட்பது போல.

மரம் விரிகிறது, வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தான். சுவிட்சைப் பெட்டியின் பக்கவாட்டில் திருகினான். சிவப்பு ஒயரை அதன் ஒரு முனையில் மாட்டினான். மறுமுனையிலிருந்து பேட்டரிக்குப் புது ஒயர் போட்டான். மெல்லிசு ஒயர் முன்போலவே நேராக பேட்டரியிலேயே இருந்தது. வேலை நடந்த நேரம் முழுக்கத் தட்டல் விட்டுவிட்டுக் கேட்டது. கறுப்பு ஒயரைத் திரும்ப மாட்டினான். முனகல் வந்தது. தட்டல் நின்றது.

சுவிட்சை அணைத்துவிட்டு, தான் வாங்கி வைத்திருந்த மீட்டரை வைத்தான். பூஜ்யம் காட்டவில்லை. கொஞ்சம்தான், ஆனால் ஏதோ ஒன்று கரன்டைக் குடித்துக்கொண்டிருந்தது. மெல்லிசு ஒயரை மட்டும் கழற்றினான். பூஜ்யம்.

டொக். டொக்.

மாட்டினான். அமைதி. கழற்றினான். டொக். வயதான ஒருவரைக் கட்டிலில் எழுப்பி உட்காரவைத்துத் திரும்பப் படுக்கவைப்பதுபோல் இருந்தது, மாட்டுவதும் கழற்றுவதும். கேரவனை விற்ற அம்மாள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டி அவள் வீட்டுக் கொல்லையில் நின்றபோதும் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வந்து, இரவு பகல் இந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. என்ன ஒரு பொறுப்பான பொம்பளை என்று அன்று மெச்சிக்கொண்டான். கேரவனுக்குள் ஏறிக் காட்டச் சொன்னதற்கு அவள் ஏறவில்லை. கேட்டருகிலேயே நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பேட்டரியை மட்டும் சாக விட்றாதீங்க தம்பி."

அவன் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, பழுப்பு ஒயர் போகும் வழியைப் பார்த்தான். அது வண்டியின் அடிப்பக்கமாகவே ஓடி, கடைசியில் ஒரு துளை வழியாக மேலே ஏறியது. உள்ளே போய்ப் பார்த்தான். துளைக்கு நேர் மேலே மகளின் படுக்கை. மெத்தையைத் தூக்கினான். கீழே ஒட்டுப்பலகை மூடி. சுற்றிலும் நெருக்கமாகத் திருகாணிகள். திருகாணித் தலைகள் ஒவ்வொன்றிலும் பசை ஊற்றி மூடியிருந்தது. நனைந்த துணியை வாளியிலேயே மறந்துபோனால் வருமே, அந்த வாடை. பலகையில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி போல.

"யாரு?" என்று கேட்டுவிட்டான். கேட்டதும் வெட்கமாகப் போயிற்று. வளர்ந்த ஆள், வாத்தியார், மரப்பெட்டியிடம் பேசுகிறான்! ஒயர் மாட்டியிருந்ததால் பெட்டி பதில் சொல்லவில்லை. முனகிக்கொண்டு மட்டும் இருந்தது.

மகள் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணம் வந்ததும் பயத்தைவிட அவமானம்தான் முன்னால் வந்து நின்றது.

வாசலில் மச்சானின் ஹாரன் கேட்டது.

அவனுக்கு வேண்டியமட்டும் நேரம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மச்சான் வண்டியை நிறுத்தி, தங்கையிடம் காப்பிக்குச் சொல்லி, செருப்பைக் கழற்றி மாட்டி, பொடிநடையாக வந்து சேருவதற்குள் அவன் உண்மையைச் சொல்ல முடிவுசெய்திருக்கலாம். மச்சான், ஒரு ஒயர் அதிகமா இருக்கு, எனக்குப் புரியல, பிள்ளை அன்னிக்குச் சொன்னது நிஜம். அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், எல்லார் முன்னாலும் விழுந்த அந்த அறைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒயரை அப்படியே விட்டால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். 'என்ன இன்ஜினியர், ஆஃப் பண்ணினாலும் ஒழுகுதே!' என்ற குரல் இப்போதே காதில் கேட்டது.

அவன் ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்தான். மெல்லிசு ஒயரை பேட்டரியிலிருந்து கழற்றினான். சுவிட்சுக்கு அந்தப் பக்கம், சிவப்பு ஒயரோடு சேர்த்து முறுக்கினான். இனி சுவிட்சை அணைத்தால் அதுவும் அணையும். மீட்டரில் பூஜ்யம் வரும். பிறகு, எல்லாரும் போனபின், மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

மச்சான் வந்தார். பின்னாலேயே மனைவியும், அவள் கையைப் பிடித்தபடி சுண்டெலியும். மச்சான் சுவிட்சை அணைத்தார். முனகல் நின்றது, அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. மீட்டரின் முனைகளை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட! சுத்தமா பூஜ்யம். பரவாயில்லையே மாப்ளே! இந்த ஒயர் முனையெல்லாம் நானே போட்ட மாதிரி இருக்கு. இனிமே உங்களை இன்ஜினியர்னு சும்மா கூப்பிட முடியாது, சம்பளம் குடுத்துத்தான் கூப்பிடணும்."

மனைவி சிரித்தாள். இந்தத் தடவை அவனைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று! அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியே நிமிர்ந்து நின்றபோதுதான் கேட்டது.

டொக்.

"மழை வருது போல," என்று மச்சான் அண்ணாந்து பார்த்தார். நிஜமாகவே ஒன்றிரண்டு துளி விழுந்துகொண்டிருந்தது. மனைவி கொடியில் துணி கிடக்கிறதே என்று ஓடினாள். மகள் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. கேரவனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் இரண்டு கைகளும் மெதுவாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டன.

அவன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சாவியை மருமகள் கிட்ட குடுத்திடுவோம். அவதான் இனிமே கரன்ட் மினிஸ்டர்," என்று மச்சான் சிவப்புச் சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார். "நாளைக்குக் கிளம்புற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது. உங்கப்பா கேட்டாலும்!"

அவள் தலையாட்டினாள்.

சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். மச்சான் தன் கடைப் பையன்களைத் திட்டி, மாப்பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லப்போவதாகச் சொன்னார். மனைவி கேட்காமலேயே தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவன் மென்றான். மண்ணை மெல்வது போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்து, தூறல் சீராக விழுந்தது. தூறலுக்கு நடுவே, சிரிப்புக்கும் சிரிப்புக்கும் இடையில், அந்தத் தட்டல். இப்போது மரியாதை இல்லை. உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. வெளியே வரப்போகிறேன் என்று சொன்னது.

எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டால் போதும். சாவி பிள்ளையிடம் இருக்கிறது. கேட்டால் மச்சான், 'என்ன அதுக்குள்ள, சந்தேகமா?' என்பார். இதோ, இந்தப் பேச்சு முடியட்டும். இதோ, அவர் கை கழுவட்டும்.

தட்டல் நின்றது.

அவன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். முனகல் இல்லாமல் தட்டல் நின்றது இதுதான் முதல் தடவை.

"சுண்டெலி எங்க?"

"நாளைக்குத் தலகாணி, போர்வையெல்லாம் வண்டியில வைக்கணும்னு சொன்னேன். அப்பவே தூக்கிட்டுப் போனாளே," என்றாள் மனைவி. "ஏங்க, கை கழுவிட்டுப் போங்களேன்…"

அவன் ஓடினான். ஓடுவது தெரியக்கூடாதே என்று வாசல்வரை நடந்தான். அந்த நேரத்திலும். பிறகு ஓடினான்.

கேரவனின் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே இருட்டு. படியில் கால் வைத்ததும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிரீச்சிட்டது. ஈரத்துணி வாடை முகத்தில் அடித்தது. சுவரில் தடவி விளக்கைப் போட்டான். எரியவில்லை. எப்படி எரியும்? அவன்தானே அணைய வைத்தான். சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தான்.

தரையில் திருகாணிகள். பசையோடு. வளைந்து.

மெத்தை சுவரோடு சாய்ந்து நின்றது. பலகை மூடி இரண்டாகப் பிளந்து, பிளவு மேல்நோக்கி விரிந்திருந்தது. அதற்குப் பின்னால், படுக்கையின் மூலையில், அவள்.

உட்கார்ந்திருந்தாள். போர்வையைத் தலையோடு முக்காடு போட்டு, முதுகைச் சுவருக்குக் கொடுத்து. முகம் மட்டும் தெரிந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. கன்னங்களில் ஈரம். வாய் பொத்தியிருந்தது.

அவனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு, அடக்கி வைத்திருந்த அத்தனை வெட்கமும் மொத்தமாகக் கிளம்பி வந்தது. இவ்வளவு நடந்தும் பிள்ளை கத்தவில்லை. ஒரு கூச்சல் போட்டிருந்தால் வீடே ஓடி வந்திருக்கும். போடவில்லை. ஏனென்றால் அப்பா சொல்லியிருக்கிறார்.

படுக்கைக்கு முன்னால் மண்டியிட்டான்.

"அப்பா தப்புப் பண்ணிட்டேன்டா கண்ணு. நீ பொய் சொல்லல. அப்பாதான் பொய் சொன்னேன், எல்லார்கிட்டயும். உன்னை அடிச்சது தப்பு. கத்துடா. எவ்வளவு வேணும்னாலும் கத்து."

அவள் அசையவில்லை.

"கையை எடும்மா."

அவள் கண்களிலிருந்து இன்னும் ஒரு சொட்டு இறங்கியது. தலையை, தெரியாத அளவுக்கு, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"அப்பாதானே சொல்றேன். வாயிலேர்ந்து கையை எடுத்திடு. சாவி எங்கம்மா? சாவியைக் குடு, லைட்டைப் போட்டுடலாம்."

சாவி என்றதும் போர்வைக்குள் ஏதோ நகர்ந்தது. போர்வை கீழே விலகியது. அவன் டார்ச்சைத் தாழ்த்தினான்.

அவள் மடியில் சிவப்புச் சாவி இருந்தது. இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்திருந்தாள். இரண்டு சின்னக் கைகளையும் சேர்த்து, அதை அவனிடம் நீட்டினாள்.

டார்ச் வெளிச்சம் மறுபடி மேலே ஏறியது. அவள் வாயைப் பொத்தியிருந்த கையின் மணிக்கட்டில், ஒரு சுற்று பிசகாமல், பழுப்புத் துணி டேப் சுற்றியிருந்தது.